ஒரே பெயரில் நூறு ஊர்கள்: ரஷ்யக் கிராமப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் படித்தவர்கள் இவானோவ்கா, நிகோல்ஸ்கோயே, மிகாய்லோவ்கா போன்ற ஊர்ப்பெயர்களைக் கட்டாயம் சந்தித்திருப்பார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஆசையாக வரைபடத்தில் தேடினால் திரை முழுக்கப் புள்ளிகள் வந்து நிற்கும். அவற்றில் எது நாம் படித்த ஊர்? இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். ரஷ்யக் கிராமத்துக்குப் பெயர் பாதி அடையாளம்தான். எந்த மாகாணம், எந்த மாவட்டம், பக்கத்தில் எந்த ஆறு என்பதும் சேர்ந்தால்தான் ஊர் முழுதாகும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தையே சுற்றி வரும்.

ஒரே பெயர் என்றால் எவ்வளவு? இரண்டு மூன்று ஊர்களா?

இல்லை. அலெக்சாந்த்ரோவ்கா, மிகாய்லோவ்கா, இவானோவ்கா, பெரியோசோவ்கா போன்ற பெயர்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு இருக்கின்றன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ரஷ்யாவில் 1,53,000க்கும் அதிகமான கிராமப்புறக் குடியிருப்புகள் பதிவாகியிருந்தன. அத்தனைக்கும் தனித்தனிப் பெயர் தேடியிருந்தால்தான் ஆச்சரியம்.

இவ்வளவு பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

பெயர் வைத்தவர்கள் நாடு முழுவதையும் நினைத்து வைக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து தங்கள் ஊரைப் பிரித்துக் காட்டினால் போதும் என்று நினைத்தார்கள். ஐநூறு மைலுக்கு அப்பால் அதே பெயரில் இன்னொன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை.

பெயர்கள் பிறந்த வழிகளில் முதலாவது தேவாலயம். ஊரில் புனித நிக்கோலஸ் பெயரில் தேவாலயம் கட்டினால் ஊர் நிகோல்ஸ்கோயே. மூவொரு கடவுள் பெயரில் என்றால் த்ரோயித்ஸ்கோயே. அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாளை வைத்து உஸ்பென்ஸ்கோயே, அவருடைய பாதுகாப்பைக் கொண்டாடும் பக்ரோவ் திருநாளை வைத்து பக்ரோவ்ஸ்கோயே. ரஷ்ய உழவர்கள் மிகவும் நேசித்த புனிதர்களில் நிக்கோலஸ் ஒருவர் என்பதால் நிகோல்ஸ்கோயேக்கள் நாடெங்கும் பரவிக் கிடக்கின்றன.

அடுத்தது நிலச்சுவான்தார்கள். 1861இல் பண்ணையடிமை முறை ஒழியும்வரை ஏராளமான கிராமங்கள் நிலவுடைமையாளர்களின் சொத்து. புது நிலம் வாங்கி, அங்கே உழவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றி, தன் பெயரையோ மகன் மகள் பெயரையோ ஊருக்கு வைத்துவிடுவார்கள். அலெக்சாந்தர், மிகயீல், இவான், யெகதெரீனா என்று அந்தக் குடும்பங்களில் புழங்கிய பெயர்களே குறைவு. ஆகவே அலெக்சாந்த்ரோவ்காவும் யெகதெரீனோவ்காவும் பெருகின. அந்த ஊரைத் தங்கள் உழைப்பால் உருவாக்கிய உழவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

மூன்றாவது நிலமும் நீரும் மரமும். பெரியோசோவ்கா பிர்ச் மரத்திலிருந்து வந்தது, சோஸ்னோவ்கா பைன் மரத்திலிருந்து. சரேச்சியே என்றால் ஆற்றுக்கு அக்கரை. உஸ்தியே என்றால் ஆற்றின் முகத்துவாரம். பல இடங்களில் முதலில் ஓடைக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு கரையில் இருந்த ஊருக்கும் ஒட்டிக்கொண்டது.

நான்காவது, குடியேறிய விதம். காட்டைத் திருத்தி முதல் வீடு போட்ட இடம் போச்சினோக். தாய்க்கிராமத்திலிருந்து பிரிந்துபோனவர்கள் போட்டது விசெல்கி. புதுக்குடிகளின் ஊர் நோவோசியோல்கி. வடக்கில் வோலக்தா, கஸ்த்ரோமா, கீரவ் மாகாணங்களில் போச்சினோக் என்ற பெயர் சர்வசாதாரணம்.

செலோ, தெரேவ்னியா, ஹூதர் என்று போடுகிறார்களே, என்ன வித்தியாசம்?

புரட்சிக்கு முன்னால் தேவாலயம் இருந்த ஊர் செலோ, இல்லாதது தெரேவ்னியா. சுற்றியுள்ள தெரேவ்னியாக்களின் மக்கள் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் அந்த செலோவுக்குத்தான் வருவார்கள். ஹூதர் என்பது தனித்து நிற்கும் ஒன்றிரண்டு பண்ணை வீடுகளாகத் தொடங்கியது. ஸ்தனீத்சா என்பது எல்லைக்காவல் குதிரைவீரர்களான கசாக்குகளின் பெரிய ஊர். பசியோலக் என்பது பெரும்பாலும் ரயில் நிலையம், சுரங்கம், அரசுப் பண்ணை ஆகியவற்றை ஒட்டி எழுந்த குடியிருப்பு.

போகோஸ்த் கொஞ்சம் தனி ரகம். 947இல் இளவரசி ஓல்கா வரி திரட்டுவதற்காகப் போகோஸ்துகளை ஏற்படுத்தியதாகப் பழைய ரஷ்ய வரலாற்றேடு சொல்கிறது. பிற்பாடு அது தேவாலயமும் இடுகாடும் சேர்ந்த இடமாகச் சுருங்கியது. வடமேற்கில் இந்தப் பெயரிலேயே சிறு ஊர்கள் பல உண்டு.

இதெல்லாம் பழங்கதை என்று விட்டுவிடக் கூடாது. முகவரியில் ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும் ஒற்றை எழுத்து இதைத்தான் சொல்கிறது. செலோ இவானோவ்காவும் தெரேவ்னியா இவானோவ்காவும் இரண்டு வேறு ஊர்களாக இருக்கலாம்.

ஒரே மாவட்டத்துக்குள் ஒரே பெயர் வந்துவிட்டால் எப்படிப் பிரிக்கிறார்கள்?

பெரிய, சின்ன, மேல், கீழ், பழைய, புதிய என்ற அடைமொழிகள்தான் முதல் வழி: பல்ஷோயே, மாலயே, வேர்ஹ்னியே, நீஷ்னியே, ஸ்தாரயே, நோவயே. கவிஞர் பூஷ்கின் 1830 இலையுதிர்காலத்தில் காலரா தடைக்காவலால் மாட்டிக்கொண்டு எழுதிக் குவித்த ஊர் பல்ஷோயே போல்தினோ. அருகே மாலயே போல்தினோவும் இருக்கிறது.

சில பகுதிகளில் வெறும் எண்: முதலாவது இன்ன ஊர், இரண்டாவது இன்ன ஊர். இன்னும் சில இடங்களில் ஆற்றின் பெயரைச் சேர்ப்பார்கள். உல்யானவ்ஸ்க் மாகாணத்தில் செரெம்ஷான் ஆற்றங்கரையில் இருக்கும் நிகோல்ஸ்கோயேயின் அதிகாரப்பூர்வப் பெயரே நிகோல்ஸ்கோயே-நா-செரெம்ஷானே.

உடைமையாளர் குடும்பப் பெயரை ஒட்டவைப்பது இன்னொரு வழி. எழுத்தாளர் துர்கேனிவின் ஒரியோல் மாகாணத்துப் பண்ணையான ஸ்பாஸ்கோயே-லுத்தவீனவோவில் ஸ்பாஸ்கோயே இரட்சகரின் தேவாலயத்தால் வந்தது, லுத்தவீனவோ அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயர். எழுத்தாளர் தல்ஸ்தோய் (டால்ஸ்டாய்) குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த நிகோல்ஸ்கோயே-வியாசெம்ஸ்கோயேயும் இந்த வகைதான்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு செல்யாபின்ஸ்க் மாகாணத்தில் இருக்கிறது. ஒரென்பூர்க் கசாக்குகளுக்காக எல்லைப்புறப் புல்வெளியில் உருவான குடியிருப்புகளுக்கு முதலில் எண்கள்தான். 1840களில் ரஷ்யப் படை போரிட்ட, வென்ற இடங்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். அதனால் இன்றும் அங்கே பாரீஸ், பெர்லின், லைப்சிக், வார்னா என்றெல்லாம் கிராமங்கள் உண்டு. பாரீஸ் கிராமத்தில் வாழ்கிறவர்கள் நகாய்பாக் என்ற சிறுபான்மை மக்கள்.

ஒரே பெயர் இருந்தால் அந்த ஊர்களுக்குள் உறவு உண்டா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு பெரியோசோவ்காக்கள் இருந்தால், இரண்டு இடத்திலும் பிர்ச் மரம் இருந்தது என்பதற்கு மேல் எதையும் ஊகிக்க வேண்டாம்.

ஆனால் சைபீரியாவிலும் தூரக்கிழக்கிலும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உழவர்கள் குடிபெயர்ந்தபோது பெயரையும் சுமந்து போனார்கள். தூரக்கிழக்கின் பிரிமோரியேயில் உள்ள செர்னீகவ்கா 1886இல் உக்ரைனின் செர்னீகவ் பகுதியிலிருந்து போனவர்கள் உருவாக்கியது. ஓம்ஸ்க் மாகாணத்துப் பல்தாவ்காவின் பெயர் உக்ரைனின் பல்தாவாவை நினைவூட்டுவது. பிரதமர் ஸ்தலீப்பினின் நிலச் சீர்திருத்தக் காலத்தில், 1906க்கும் 1914க்கும் இடையே மட்டும், 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சைபீரியாவுக்குப் போனார்கள். அங்கே “நோவோ” என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால், பழைய ஊர் மேற்கில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது நல்ல பழக்கம்.

பெயரின் கடைசிப் பகுதியை வைத்துப் பகுதியைக் கண்டுபிடிக்க முடியுமா?

உறுதியாக முடியாது, ஓரளவு ஊகிக்கலாம். இவானோவோ, இவானோவ்கா, இவானோவ்ஸ்கோயே மூன்றும் வேறு வேறு பெயர்கள். ஓவோ, இனோ என்று முடிபவை மத்திய ரஷ்யாவிலும் வடக்கிலும் அதிகம். ஓவ்கா என்று முடிபவை தெற்குக் கரிசல் பூமியிலும் வோல்கா ஓரத்திலும் சைபீரியாவிலும் அதிகம். புல்வெளிப் பகுதியில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குடியேற்றம் வேகமெடுத்தபோது ஓவ்காதான் நடைமுறை வழக்கு.

சோவியத் காலத்தில் இது குறைந்ததா, கூடியதா?

கூடியது. கிராஸ்னி அக்தியாபர் என்ற செவ்வக்டோபர், மே தினத்தின் பெயரில் பெர்வமாய்ஸ்கோயே, விடியலைக் குறிக்கும் சரியா, வெற்றியைக் குறிக்கும் பபேதா ஆகியவை முதலில் கூட்டுப்பண்ணைகளின் பெயர்களாகவும் பிறகு ஊர்ப்பெயர்களாகவும் பரவின. தெருக்களும் அப்படியே. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் மையத் தெரு, பள்ளித் தெரு, லெனின் தெரு.

மிக வேகமாக நடந்தது கலினின்கிராத் மாகாணத்தில்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவின் வடபகுதி சோவியத்துக்கு வந்தது. கோனிக்ஸ்பெர்க் 1946 ஜூலையில் கலினின்கிராத் ஆனது. அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான கிராமங்களின் ஜெர்மன், லிதுவேனியப் பெயர்கள் சில ஆண்டுகளுக்குள் அகற்றப்பட்டன. அவசரத்தில் அலுவலர்கள் கிராஸ்னோயே, பெரியோசோவ்கா, லுகவோயே என்று கைக்கு வந்ததை வைத்தார்கள். அந்தச் சிறிய மாகாணத்துக்குள்ளேயே ஒரே பெயரில் பல ஊர்கள் உருவாயின. நூற்றாண்டுகளின் நினைவு ஒரு பட்டியலில் அழிக்கப்பட்டது பெரிய இழப்பு என்பதே என் எண்ணம்.

புகழ்பெற்ற ஊர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டா?

நிறைய. இசையமைப்பாளர் ரஹ்மானினவ் 1890 முதல் 1917 வரை கோடைகளைக் கழித்து, தன் முக்கியமான படைப்புகளில் பலவற்றை உருவாக்கிய இடம் இவானோவ்கா. தம்போவ் மாகாணம், உவாரவோ மாவட்டம். புரட்சிக் காலத்தில் அழிந்த வீட்டைப் பின்னாளில் திரும்பக் கட்டி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். தம்போவ் மாகாணத்துக்குள்ளேயே வேறு இவானோவ்காக்கள் இருப்பதால், போக நினைப்பவர்கள் மாவட்டப் பெயரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தல்ஸ்தோயின் யாஸ்னயா போல்யானா தூலா மாகாணத்தில் இருக்கிறது. 1908இல் அவர் எழுதிய “ஓர் இந்துவுக்குக் கடிதம்” திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து மேற்கோள் காட்டுகிறது என்பதால் நமக்கு அது நெருக்கமான ஊர். கலினின்கிராத் மாகாணத்திலும் ஒரு யாஸ்னயா போல்யானா உண்டு. அதன் பழைய பெயர் திராகேனன். 1732இல் தொடங்கிய புகழ்பெற்ற குதிரைப் பண்ணையின் ஊர் அது, திராகேனர் குதிரை இனத்துக்குப் பெயர் தந்ததும் அதுவே. தல்ஸ்தோய்க்கும் அந்த ஊருக்கும் தொடர்பில்லை.

கிராஸ்னயா போல்யானா என்றதும் பலருக்கு 2014 குளிர்கால ஒலிம்பிக் நடந்த சோச்சி மலைப்பகுதி நினைவுக்கு வரும். 1941 இறுதியில் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கி வந்து நின்ற கிராஸ்னயா போல்யானா வேறு. அது இன்று மாஸ்கோவுக்கு வடக்கே லோப்னியா நகரத்தோடு சேர்ந்திருக்கிறது. கீரவ் மாகாணத்தில் இன்னொன்று இருக்கிறது. போர்க்கால நினைவுக்குறிப்பு படிக்கும்போது சோச்சியை மனதில் வைத்துக்கொண்டால் கதையே மாறிவிடும்.

தபால் எப்படிச் சரியாகப் போகிறது?

ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டால். அதோடு மாகாணம், மாவட்டம், ஊரின் வகை, ஊர்ப்பெயர், தெரு, வீட்டு எண் எல்லாம் வேண்டும். செக்கவ் 1886இல் எழுதிய ஒரு சிறுகதையில் ஒன்பது வயதுச் சிறுவன் தன் கடித உறையில் “கிராமத்துக்கு, தாத்தாவுக்கு” என்று எழுதி, பிறகு தாத்தாவின் பெயரை மட்டும் சேர்த்துப் பெட்டியில் போடுவான். முகவரி சரியாக இல்லாத எதையும் குறிக்க ரஷ்யர்கள் இன்றும் அந்தத் தொடரைச் சொல்கிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல் கிளம்பியிருக்கிறது. முன்பெல்லாம் செல்சவியெத் என்ற கிராம சோவியத்தின் பெயர் முகவரியில் இருக்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு போச்சினோக் இருந்தாலும் அந்தப் பெயர் பிரித்துக் காட்டிவிடும். 2000களுக்குப் பின் இந்தச் சிறு அலகுகளை இணைத்து இணைத்துப் பெரிதாக்குகிறார்கள். 2019க்குப் பிறகு பல இடங்களில் மாவட்டம் முழுவதுமே ஒரே நகராட்சி வட்டம். நடுவில் இருந்த அடையாளம் போய்விட்டது. நிர்வாகச் செலவு குறையலாம், ஆனால் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல வேண்டிய முதியவரின் இடத்திலிருந்து யோசித்தால் இது நல்ல மாற்றம் இல்லை.

பழைய ஆவணத்தில் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கிறது. எது அந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் மிக அதிகமாக வரும் கேள்வி, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆவணத்தின் காலத்தை முதலில் பாருங்கள். 1920களுக்கு முந்தையது என்றால் அப்போது மாகாணத்துக்குப் பெயர் குபேர்னியா, அதன் உட்பிரிவு உயெஸ்த், அதற்கும் கீழே வோலஸ்த். 1923க்கும் 1929க்கும் இடையே இவை நீக்கப்பட்டு இன்றைய மாதிரியான அலகுகள் வந்தன. கவிஞர் யெசேனின் 1895இல் பிறந்தபோது அவருடைய ஊர் “ரியாசான் குபேர்னியா, ரியாசான் உயெஸ்த், குஸ்மின்ஸ்கயா வோலஸ்த், செலோ கன்ஸ்தந்தீனவோ”. இன்று அது ரியாசான் மாகாணம், ரீப்னயே மாவட்டம். ஊர் அங்கேயேதான் இருக்கிறது, மேலே உள்ள பெயர்கள் மட்டும் மாறிவிட்டன. லிபெத்ஸ்க் மாகாணம் 1954இல்தான் உருவானது. அதற்கு முன் அந்த ஊர்கள் வரோனெஷ், ரியாசான், ஒரியோல், கூர்ஸ்க் மாகாணங்களில் பிரிந்து கிடந்தன. ஆகவே இன்றைய எல்லையை வைத்துப் பழைய ஊரைத் தேடக் கூடாது.

அடுத்து, பெயர் வேற்றுமை உருபு ஏற்று நிற்கிறதா என்று பாருங்கள். ரஷ்யத்தில் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்து மாறும். “இவானோவ்கி” என்று இருந்தால் இவானோவ்காவின், “இவானோவ்கே” என்று இருந்தால் இவானோவ்காவில். இவற்றை வேறு ஊர்கள் என்று எண்ணி வீணாகத் தேடுகிறவர்கள் உண்டு. “யோ” எழுத்தின் மேலுள்ள இரண்டு புள்ளிகளைப் பலரும் போடுவதில்லை, அதனால் பெரியோசோவ்கா பெரெசோவ்கா ஆகியிருக்கும். தேடும்போது ரஷ்ய எழுத்திலேயே, இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

மூன்றாவதாக இரட்டைப் பெயர். தேவாலயம் தந்த பெயர் ஒன்று, மக்கள் வாயில் இருந்தது இன்னொன்று. பழைய பட்டியல்கள் இரண்டையும் எழுதி “தோஷ்” என்று சேர்க்கும், அதாவது “இதுவும் அதுவே”. கவிஞர் லேர்மந்தவ் சிறுவயதைக் கழித்த பென்சா மாகாணத்து ஊர் முதலில் நிகோல்ஸ்கோயே, பிறகு யாகவ்லெவ்ஸ்கோயே, அப்புறம் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு வாங்கி விற்ற தர்ஹான்களால் தர்ஹானி. 1917இல் லேர்மந்தவோ ஆனது. நிகோல்ஸ்கோயே என்று மட்டும் தேடினால் இதைப் பிடிக்கவே முடியாது.

உதவும் பதிவுகள் மூன்று. பேரரசின் உள்துறை அமைச்சகத்தின் மையப் புள்ளிவிவரக் குழு 1861 முதல் 1885 வரை வெளியிட்ட குடியிருப்புப் பட்டியல்கள் முதலாவது. ஊர் எந்த ஆற்றோரம், எத்தனை வீடுகள், உயெஸ்த் நகரிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் சொல்லும். ஒரே பெயருள்ள ஊர்களைப் பிரிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டாவது, 1918 வரை தேவாலயங்கள் வைத்திருந்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள். இங்கே தெரேவ்னியாவைத் தேடக் கூடாது, அது எந்த செலோவின் தேவாலயத்தைச் சேர்ந்தது என்று தேட வேண்டும். மூன்றாவது, 1858 வரை பத்து முறை எடுக்கப்பட்ட வரிக் கணக்கெடுப்புகள். நில உடைமையாளரின் பெயர் இவற்றில் இருக்கும், பல நேரம் முடிச்சை அவிழ்ப்பது அதுதான்.

போரில் இறந்தவரின் ஊர் என்றால், ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையத் தரவுத்தளமான “மெமோரியல்” உதவும். பிறந்த ஊரோடு மாவட்டமும், சில நேரம் செல்சவியெத்தும் அதில் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் வரைபடத்தில் ஊரே இல்லையே?

ஊர் காலியாகியிருக்கலாம். 2010 கணக்கெடுப்பில் 19,000க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஒருவர்கூட இல்லை. பத்துப் பேரோ அதற்கும் குறைவானவர்களோ வாழும் ஊர்கள் 30,000க்கும் அதிகம். கூட்டுப்பண்ணைமயம், போர், நகரத்தை நோக்கிய நகர்வு எல்லாம் காரணங்கள். 1960களிலும் 70களிலும் சிறு கிராமங்களை “எதிர்காலம் இல்லாதவை” என்று வகைப்படுத்தி, பள்ளியையும் கடையையும் மூடி, மக்களைப் பெரிய ஊர்களுக்கு நகர்த்தினார்கள். அது கொடுமையான முடிவு. த்வேர், பிஸ்கோவ், வோலக்தா பகுதிகளில் அதன் தடத்தை இன்றும் பார்க்கலாம்.

மற்ற ஊர்களைவிட ஒரே பெயர் கொண்ட ஊர்களுக்கு ஆபத்து அதிகம். ஒரு இவானோவ்கா காலியானால், பட்டியலில் இன்னும் நிறைய இவானோவ்காக்கள் இருப்பதால் அது மறைந்தது யார் கண்ணிலும் படாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த சோவியத் ராணுவ வரைபடங்களைப் பாருங்கள். ஊர் நின்ற இடத்தில் “உரோச்சிஷே” என்ற சொல் இருந்தால், பெயர் மட்டும் மிஞ்சிய வெற்றிடம் என்று பொருள்.

குழப்பம் தீரப் பெயரை மாற்றிவிடலாமே?

சட்டத்தில் வழி இருக்கிறது. புவியியல் பெயர்கள் பற்றிய 1997 சட்டப்படி உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்டு, மாகாணச் சட்டமன்றம் முன்மொழிந்து, மத்திய அரசு ஒப்புதல் தர வேண்டும். ஆனால் பெயர் மாறினால் வீட்டுப் பத்திரம் முதல் பெயர்ப்பலகைவரை எல்லாம் மாற வேண்டும். அதைவிட, அங்கே வாழ்கிறவர்களுக்கு அது அவர்களுடைய இவானோவ்கா. மற்ற இவானோவ்காக்களுக்காக அவர்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

தமிழில் கட்டுரையோ மொழிபெயர்ப்போ எழுதும்போது என்ன செய்யலாம்?

முதல்முறை குறிப்பிடும்போது மாகாணத்தையும் மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்: “தம்போவ் மாகாணம், உவாரவோ மாவட்டத்து இவானோவ்கா” என்று. அடுத்தடுத்து வெறும் இவானோவ்கா போதும். செலோவா தெரேவ்னியாவா என்பது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். பல்ஷோயே, மாலயே போன்ற அடைமொழிகளைப் “பெரிய”, “சின்ன” என்று மொழிபெயர்க்க வேண்டாம், அவை பெயரின் பகுதி. புனைகதையில் வரும் ஊர் என்றால், ஆசிரியர் உண்மையான ஊரைச் சொல்கிறாரா என்று உறுதியாகத் தெரியாதவரை எந்த வரைபடப் புள்ளியோடும் அதை இணைக்காதீர்கள். அந்தப் பெயர்களின் சாதாரணத்தன்மைக்காகவே ரஷ்ய எழுத்தாளர்கள் பல நேரம் அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.